சம்பளத் துண்டைப் படிப்போம்



படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை. கையிலிருக்கும் போனிலும் படிக்கலாம். முதல் பாடம் நமது சம்பளத் துண்டு.

மாதாமாதம் துண்டைப் படம் பிடித்து வையுங்கள். காகிதம் நனைந்தாலும் படம் இருக்கும். அன்றன்று பறித்த கொழுந்து எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று குரலில் பதிந்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். மாத முடிவில் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் கழியும்; நிர்வாகம் குறைந்தது 12 வீதம் போட வேண்டும். 1000 ரூபாவுக்கு நம் பங்கு 80, அவர்கள் பங்கு 120. ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நம் சம்பளத்தில் கழிக்க முடியாது.

துண்டில் உங்கள் அங்கத்துவ இலக்கம் இருக்கும். படத்தை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். கணக்குப் பார்க்கும் முறையை மட்டும் குரல் பதிவாக லயம் முழுக்கப் பகிருங்கள். பிள்ளைகள் உதவுவார்கள்.

பிழை கண்டால் தனியே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். படத்தோடும் பதிவோடும் தோட்டத் தலைவரிடம் வாருங்கள். சேர்ந்து கேட்போம்.