கடல் கடந்த சிறையில் நம் பிள்ளை: குடும்பம் செய்ய வேண்டியது என்ன?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்புத் தேடி வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம் பிள்ளைகள் போகிறார்கள். நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போகிறார்கள். அங்கே ஒருவனைப் போலீஸ் பிடித்தால் வீட்டுக்கு அரைகுறைச் சேதிதான் வருகிறது. உடனே ஊரில் ஒரு தரகன் முளைக்கிறான். "இத்தனை ஆயிரம் கொடு, வெளியே எடுத்துவிடுகிறேன்" என்கிறான். கடனுக்கு மேல் கடன் ஏறுகிறது. பிள்ளை சிறையிலேயே கிடக்கிறான். இந்த நிலைமை மாற வேண்டும் என்பதற்காகவே இன்று பேசுகிறோம்.

முதலில் ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறோம். தஞ்சை மண்ணில் பிறந்த தோழர் எஸ்.ஏ. கணபதி, மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். 1948-ல் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் மலாயாவில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றது. 1949 மார்ச்சில் கணபதி பிடிபட்டார். மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டும் ஏகாதிபத்தியம் இரங்கவில்லை.

அதே காலத்தில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி வைத்திருந்தது ஒன்று, தோட்டா வைத்திருந்தது மற்றொன்று. தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர். அந்த விடுதலையை உரிய வகையில் கணக்கில் எடுக்காமல், துப்பாக்கி வழக்கின் மறுவிசாரணையில் அவரைத் தண்டித்துவிட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950-ல் தண்டனை ரத்தாயிற்று. உயிர் தப்பியது.

அந்தக் காலத்தில் ஒரு சர்க்கார் தன் பிரஜைக்காக இன்னொரு சர்க்காரிடம் வேண்டிக்கொள்ளத்தான் முடிந்தது. இன்று அது எழுதப்பட்ட உரிமை. 1963-ல் வியன்னா நகரில் தூதரக உறவு பற்றிய ஒப்பந்தம் நிறைவேறியது. 1977-ல் இந்தியா அதில் சேர்ந்தது. சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாம் அதில் சேர்ந்த நாடுகளே. அதன் 36-வது பிரிவு சொல்வது இது: வெளிநாட்டான் ஒருவனைப் பிடித்தால், அவனுக்குள்ள உரிமையைத் தாமதமின்றி அவனிடம் சொல்ல வேண்டும். அவன் கேட்டால் அவன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவனைப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம்.

"அவன் கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! கேட்காதவனுக்கு இந்தக் கதவு தானாகத் திறக்காது. ஆகவே புறப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள்: பிடித்தவுடன் "இந்தியன் எம்பஸி" என்று கேள், கேட்டுக்கொண்டே இரு, படிக்கத் தெரியாத மொழியில் உள்ள காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற 51 மெக்சிகோ நாட்டவருக்கு இந்த உரிமையைச் சொல்லவில்லை என்று 2004-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அவர்களில் ஒருவரான ஹோஸே மெடெல்லினை 2008-ல் டெக்சாஸ் மாநிலம் கொன்றே தீர்த்தது. வல்லரசின் யோக்கியதை இது! சட்டத்தைக் கையிலெடுத்து விடாமல் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

அப்படியானால் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: எந்த வகைக் கைது என்று விசாரியுங்கள். விசா காலம் கடந்ததா? முதலாளி கொடுத்த புகாரா? கிரிமினல் வழக்கா? வளைகுடாவில் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வதும், சம்பளம் கேட்டு வெளியேறிய தொழிலாளிமீது "ஓடிப்போனான்" என்று புகார் கொடுப்பதும் நடக்கிற சங்கதி. அப்படியானால் வேலை ஒப்பந்தமும் சம்பளக் கணக்கும் அவன் அனுப்பிய சேதிகளும்தான் சாட்சி. ஒன்றையும் அழிக்காதீர்கள்.

இரண்டு: எழுத்தில் மனுக் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், முதலாளியின் பெயர், பிடித்த தேதி, எந்த ஊர், எந்தச் சிறை, வழக்கு எண் என்று தெரிந்ததையெல்லாம் எழுதி அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்திலும் பதியுங்கள். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் கலெக்டருக்கும் ஒரு நகல் கொடுங்கள். பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: தூதரகத்திடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள். தூதரகம் சிறைக் கதவைத் திறக்க முடியாது. அந்த நாட்டுக் கோர்ட்டின் தீர்ப்பை மாற்றவும் முடியாது. ஆனால் "நேரில் பார்த்தீர்களா? என்ன குற்றச்சாட்டு? அடுத்த வாய்தா எப்போது? வக்கீல் யார்? அப்பீலுக்குக் கடைசி நாள் எது?" என்று நாம் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக்கு உதவ, 2009-ல் ஏற்பட்ட இந்திய சமூக நலநிதி தூதரகங்களில் உண்டு. தூதரகச் சேவைக்கு நம்மவர் கட்டும் கட்டணத்திலிருந்து சேர்கிற பணம் அது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான்கு: அப்பீல் தவணையைத் தவறவிடாதீர்கள். சாம்பசிவத்தின் உயிரைக் காத்தது மேல்கோர்ட்தான். கொலை வழக்கில் இறந்தவரின் வாரிசுகள் மன்னித்தால் மரண தண்டனை நீங்கும் வழி சவூதி போன்ற நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சைத் தூதரகமும் வக்கீலும் அறியவே நடத்த வேண்டும். உண்டியல் குலுக்கும் முன்பின் தெரியாத ஆளிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஐந்து: தண்டனை முடிவாகிவிட்டால், மிச்சக் காலத்தை நம் நாட்டுச் சிறையில் கழிக்கக் கேட்கலாம். 2003-ம் ஆண்டுக் கைதிகள் திருப்பி அனுப்பும் சட்டம் அதற்கே வந்தது. அந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். கைதி சம்மதிக்க வேண்டும். அப்பீல் நிலுவையில் இருக்கக் கூடாது. மரண தண்டனைக் கைதிக்கு இது பொருந்தாது.

தோழர்களே! படித்தவன் வீட்டுக் கடிதத்துக்குப் பதில் வருகிறது. கூலிக்காரன் வீட்டு மனு மேஜையில் தூங்குகிறது. ஆகவே ஒரு தாயைத் தனியாகக் கலெக்டர் ஆபீஸ் படியேற விடக் கூடாது. மனு எழுதத் தெரிந்த இருவரைச் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் பொறுப்பாக்க வேண்டும். பதில் வராவிட்டால் எம்.பி.யிடம் கூட்டமாகப் போக வேண்டும். பார்லிமெண்டில் கேள்வி எழுப்பச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணுகிற சர்க்கார், அதை அனுப்பிய தொழிலாளி சிறையில் கிடக்கும்போது அவனையும் எண்ணட்டும்!

இன்று இரவே உங்கள் தெருவில் வெளிநாடு போனவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். அவர்களுடைய பாஸ்போர்ட் நகலும் வேலை ஒப்பந்த நகலும் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளையே கேட்டு வாங்கி வையுங்கள்.