கட்டுப் பிரித்த பிறகு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி எத்தனையோ ஊர்களின் அறுவை அரங்குகளுக்குப் போகிறது. அந்தக் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு நோயாளி என்ன ஆனார் என்று கேட்க இந்த ஊருக்கு உரிமை உண்டு. திருநருக்கான பாலினச் சீரமைப்பு அறுவை பற்றிய ஆய்வுகள் தடுமாறுவதும் அந்தக் கேள்வியில்தான்.

2011இல் வெளிவந்த சுவீடன் ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973 முதல் 2003 வரை அறுவை செய்துகொண்ட 324 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பும் தற்கொலையும் இவர்களிடையே அதிகமாக இருந்தன. அறுவையால் பயனில்லை என்று உடனே சிலர் முழங்கினார்கள். அறுவை வேண்டியும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டிருந்தாலல்லவா அப்படிச் சொல்ல முடியும்? இதை வைத்து அறுவையின் பயனை எடைபோடக் கூடாது என்று ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையில் எச்சரித்திருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அறுவை முடிந்து ஆண்டுகள் செல்லச் செல்ல மனநலச் சிகிச்சையின் தேவை குறைகிறது என்று, அதே சுவீடன் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் ஒரு கட்டுரை வந்தது. நம்மில் பலருக்கும் மகிழ்ச்சி. ஆனால் விமர்சனங்கள் எழுந்தன; அறுவை செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் அந்த நன்மை தெரியவில்லை என்று 2020இல் இதழ் திருத்தம் வெளியிட்டது. கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் திருத்தத்தை மறைப்பது நேர்மையல்ல.

குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பதிவெண் வைத்திருக்கும் நாட்டிலேயே இந்தப் பாடு. மருத்துவர் அல்லாத தாயம்மா கையால் ‘நிர்வாணம்’ எனப்படும் உறுப்பு நீக்கத்தைச் செய்துகொண்டவர்கள் நம்மூரில் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? இப்படிப்பட்டவர்கள் படும் பாட்டை ரேவதியின் ‘வெள்ளை மொழி’யிலும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’விலும் தேட வேண்டியிருக்கிறது. மருத்துவ மாணவர்கள் அவற்றை அவசியம் படிக்க வேண்டும். ஆனால் விளைவுகளை எழுதிவைக்கும் வேலையை நோயாளியின் தலையிலேயே கட்டிவிட்டு மருத்துவத்துறை ஒதுங்கிக்கொள்ளலாமா?

ஆய்வில் சேர்ந்தவர்களும் உடனே தனிக்கணக்கில் வருவதில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கான ஐபிரெக்ஸ் ஆய்வில் 2,499 பேர் சேர்ந்தார்கள். முதல் முடிவு 2010இல் வந்தது. அவர்களுள் 339 திருநங்கையரைப் பற்றிய தனிக்கணக்கு 2015இல்தான் வந்தது. திருநம்பிகளோ பெரும்பாலான ஆய்வுகளின் கண்ணிலேயே படுவதில்லை.

தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் கண்ட மாநிலம். இடைபாலினக் குழந்தைகளுக்கு அவசியமின்றிக் கத்தி வைக்கக் கூடாது என்று 2019 ஏப்ரலில் சொன்னதும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்று, நீதிமன்றம் சொல்லும்வரை காத்திராமல் மருத்துவ ஆய்வே முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போய்வர ஒரு திருநங்கைக்கு ஒருநாள் பிழைப்பு போகும். வார்டில் பழைய பெயரைக் கூவி அழைத்தால் மறுமுறை வர மனம் வருமா? அவர் வராமல் போனால் ‘தொடர்பு அற்றவர்’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறோம். அவர் நலமா, புண்பட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. வீடு தேடிப் போங்கள். கேள்விகளை வகுக்கும்போதே திருநரை அருகில் அமர்த்துங்கள். முடிவைத் தமிழில் அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். 2022இல் திறந்த நம் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இதற்கு முன்கை எடுக்கலாம்.

இன்று கட்டுரை படிக்கும் நண்பர்களுக்குத் இந்த அமர்வின் தலைவர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆய்வில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கட்டுரையைத் தொடங்குங்கள்.