கல்லூரிக்குப் போய்க்கொண்டே நீட் எழுதட்டும்



பிளஸ் டூவில் நல்ல மார்க், நீட்டில் கொஞ்சத்தில் தவறிய மார்க். இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில் ஜூன் மாதம் பிறந்தால் ஒரே கேள்விதான். ஒரு வருஷம் வீட்டில் இருந்து திரும்பப் படிக்கட்டும் என்று விடுவதா? ராஜபாளையத்திலோ சிவகாசியிலோ சாத்தூரிலோ பி.எஸ்சி. சேர்த்துவிட்டு, அதோடு நீட்டையும் பார்த்துக்கொள் என்று சொல்வதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் கோச்சிங்குக்குக் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் சேர்ந்துகொண்டுதான் நீட் எழுத வேண்டும். ஆனால் இரண்டு படிப்பையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு ஊர் வேடிக்கை பார்க்கக் கூடாது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால் எதுவும் உருப்படாது என்று உடனே சொல்வார்கள். அவர்களிடம் ஒரு புள்ளிவிவரமும் உண்டு. நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதமாக இருந்தது 2020-21-இல் 71.42 சதவீதமாக ஏறிவிட்டதைக் காட்டியது. முதல் முறையிலேயே இடம் வாங்குவது அரிதாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மறுமுறை எழுதத்தான் வேண்டும் என்று இந்த எண் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிக்குப் போகாமல் எழுத வேண்டும் என்று இது எங்கே சொல்கிறது? அந்த ஒரு வருஷத்தை விடுதியில் தங்கி, தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதிக் கழிக்கிற பிள்ளையையும், நம் ஆலங்குளத்தில் அடுப்படிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிற பிள்ளையையும் ஒரே பட்டியலில் எண்ணிவிட்டு, வீட்டில் இருந்தால் ஜெயிக்கலாம் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு அந்த வருஷத்தில் என்ன நடக்கிறது என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதம் படிப்பாள். ஐந்தாம் மாதம், சும்மாதானே இருக்கிறாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் கைச்செலவுக்காவது ஆகும் என்று ஒரு குரல் வரும். தை பிறந்தால் வரன் பேச்சு வரும். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிற பெண்ணிடம் இந்த இரண்டு பேச்சும் அவ்வளவு சுலபமாக வராது. பணக் கணக்கும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்கிற பெண்ணுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. வீட்டில் உட்கார்ந்தால் அந்த ஆயிரம் இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 2020-இல் சட்டம் போட்டு வாங்கிய 7.5 சதவீத உள் ஒதுக்கீடோ கல்லூரியில் சேர்ந்ததால் போய்விடாது, மறுமுறை எழுதும்போதும் கை கொடுக்கும்.

அதற்காகக் கல்லூரியோடு நீட் எழுதுவது லேசான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அங்கே எழுதுகிற எம்கேட் தேர்வுக்கு வேண்டிய உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் கல்லூரி வகுப்பிலேயே படிக்கிற பாடங்கள். இங்கே அப்படி இல்லை. நீட் முழுக்கப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். விலங்கியல் சேர்ந்த பெண் முதல் செமஸ்டரில் முதுகெலும்பற்றவற்றைப் படிக்கிறாள். செமஸ்டர் தேர்வு, கல்லீரல் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து விளக்கு என்று கேட்கும். பக்கம் பக்கமாக எழுத வேண்டும், ரெக்கார்டு நோட்டில் தனியாக வரைந்து கையெழுத்து வாங்க வேண்டும். நீட்டோ, சுடர் செல்கள் எந்தத் தொகுதி உயிரிகளில் உண்டு என்று நாலு விடை கொடுத்துக் கேட்கும். யோசிக்கக் கிடைப்பது ஒரு நிமிஷம், தப்பானால் ஒரு மார்க் போகும். பாடம் ஒன்றுதான், பழக்க வேண்டிய கை வேறு. உயிரியலிலாவது ஒட்டு உறவு இருக்கிறது. துணைப் பாடமாக வேதியியல் அமைந்தால் அதிலும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் 180 கேள்வியில் 45 இயற்பியல். 720-இல் 180 மார்க். விலங்கியல் வகுப்பில் இதற்கு ஒரு வரிகூட நடத்த மாட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்குகிற இடமும் பெரும்பாலும் இதுதான். ஆகவே நீட் எழுத நினைக்கிற பிள்ளை, கிடைத்த பிரிவில் சேராமல், உயிரியலும் வேதியியலும் சேர்ந்து வருகிற பிரிவாகப் பார்த்துச் சேர வேண்டும். வீட்டில் கிடைக்கிற நேரத்தில் பெரும்பங்கை இயற்பியலுக்குக் கொடுக்க வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம், நின்றுகொண்டே போகிற நேரம். செமஸ்டருக்கு 90 வேலை நாளில் 75 சதவீதம் வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். அதாவது 22 நாள் கையில் இருக்கிறது. அந்த 22 நாளைக் கல்யாணத்துக்கும் கொடைக்கும் கரைத்துவிடாமல் பங்குனி, சித்திரைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை பாதி ஜெயித்த மாதிரி. ஆனால் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவளால் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்று உண்டு. நீட் 2023-இலும் 2024-இலும் 2025-இலும் மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடந்தது. கல்லூரியின் ஏப்ரல் தேர்வு அதற்கு முந்தைய வாரங்களில் வந்து முட்டுகிறது. உள்மதிப்பீட்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு, செமஸ்டர், நீட் எல்லாம் ஒரே கோடையில். இங்கேதான் கல்லூரி முதல்வர்களிடம் கேட்கிறேன். செமஸ்டர் தேதி பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கலாம். உள்மதிப்பீடும் செய்முறைத் தேர்வும் உங்கள் கையில்தானே இருக்கின்றன? நீட் எழுதுகிறவர்கள் யார் யார் என்று பிப்ரவரியிலேயே பட்டியல் எடுத்து, அவர்களுக்கு மார்ச்சுக்குள் முடித்துக்கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தப் பிள்ளை இடம் கிடைத்ததும் போய்விடுவாளே, எங்கள் இடம் வீணாகுமே என்று கல்லூரிகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. 2022-இல் 150 இடங்களோடு திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு உங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெண் போகிறாள் என்றால் அதை வீண் என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இந்தத் தேர்வே வேண்டாம் என்கிறபோது அதற்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறாயே என்று கோபப்படுகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். நுழைவுத் தேர்வை நம் மாநிலம் 2006-இல் சட்டமியற்றி நீக்கியது. பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கில்தான் டாக்டர்கள் உருவானார்கள். 2021-இலும் 2022-இலும் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. 2025-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது. அந்தக் கோரிக்கை நியாயமானது, நானும் அதன் பக்கம்தான். ஆனால் அந்தப் போராட்டம் முடிகிற வரை பதினேழு வயது காத்திருக்காது. போராடுகிறவர்கள் போராடட்டும், எழுதுகிற பிள்ளைக்கு மேசையும் விளக்கும் வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2025-இல் சுமார் 22 லட்சம் பேர் நீட் எழுதினார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் ஒன்றேகால் லட்சம்தான் இருந்தன. வயது வரம்பு 2022-இல் போய்விட்டது, எத்தனை முறையும் எழுதலாம். இந்தத் தாராளத்தில்தான் ஆபத்து. முதல் வருஷம் ஒரு மே, இரண்டாம் வருஷம் ஒரு மே, அதற்கு மேல் வேண்டாம். முதல் வருஷத்திலேயே அரியர் விழ ஆரம்பித்தால் இரண்டாவது மேயையும் விட்டுவிட்டுப் பட்டத்தை முடியுங்கள். நர்சிங்குக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் நம் மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான் கிடைக்கின்றன என்பதையும் சேரும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். நூலகத்தில் இரவு ஒன்பதரை வரை படிக்க ஒரு அறையைத் திறந்து வையுங்கள், பெண்பிள்ளைகள் வீடு திரும்பத் துணைக்கு ஆள் போடுங்கள். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் கொடுங்கள். கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் இந்த மேடைக்கு வந்து உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.