கறை படிந்த கைகளின் உரிமை

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முந்திரிக்கொட்டை உடைப்பதும் பருப்பின் தோலுரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலையாகும். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும். அதன் கறையும் எளிதில் நீங்காது. ஆகவே கைகளில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு வேலைக்கு அமர்கின்றனர். 320 எனப்படும் ஏற்றுமதித் தரத்தில், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 700 முழுப் பருப்புகள் நிற்கும். ஒவ்வொன்றும் உடையாமல் வெளிவர வேண்டும். உடைந்தால் விலை குறைந்துவிடும். நம் விருந்துகளில் நெய்ச்சோற்றின் மீது தூவப்படும் பருப்புக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

அப்பளம் இடுவோர், வற்றல் காயவைப்போர், ஊறுகாய் போடுவோர் என்று இத்தகைய கைகள் நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றன. அவர்கள் ஈட்டும் கூலி யாருக்குச் சொந்தம்?

ஆணின் உழைப்பில் ஆணுக்கும், பெண்ணின் உழைப்பில் பெண்ணுக்கும் உரிமையுண்டு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 32வது வசனம் உணர்த்துகிறது. மனைவி செல்வச் சீமாட்டியாகவே இருந்தாலும், குடும்பச் செலவு கணவனின் கடமை என்பதே மார்க்கச் சட்டம். அவளுக்கு வருமானம் வந்துவிட்டதால் அக்கடமை நீங்கிவிடாது.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் (ரலி) கைத்தொழில் தெரிந்தவர். கணவரோ வசதி குறைந்தவர். தம் கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று அவர் கேட்டனுப்பினார். உறவைப் பேணியதற்கு ஒன்றும் தர்மத்திற்கு ஒன்றுமாக இரு நற்கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்குச் சேரவேண்டிய பாக்கியாக இருந்திருந்தால், அதற்குத் தர்மம் என்ற பெயர் வந்திருக்குமா? அவள் தருவது தர்மம் என்றால், நாம் வாங்குவதும் தர்மம்தான். தர்மம் பெறுபவன் அதட்டிக் கேட்கலாமா? கணக்குக் கேட்கலாமா? உடல் வலிமையிருந்தும் வேலைக்குச் செல்லாமல், மனைவியின் வாரக்கூலியை எதிர்பார்த்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் சகோதரர்கள் தங்கள் உள்ளத்திடம் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களிடம் வேலை வாங்கும் வியாபாரப் பெருமக்களே! உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. "அடுத்த வாரம் வாம்மா" என்று ஏழைப் பெண்ணை அலையவிடுவது அமானிதத்திற்கு மாறானது. அளவு நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் குர்ஆனின் 83வது அத்தியாயம் அவர்களின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சரக்கை நிறுக்கும்போதும், உடைந்த பருப்புக்கெனக் கூலியைப் பிடிக்கும்போதும் அந்த அத்தியாயம் நம் நினைவுக்கு வரட்டும்.

பெற்றோர்களே! தாயின் வேலைப்பளுவைக் குறைப்பதற்காக மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். அந்தப் பளுவில் தந்தையும் மகன்களும் பங்கு கொள்ளட்டும். அண்ணலார் (ஸல்) அவர்களே தம் இல்லத்தில் வீட்டு வேலைகளில் உதவியவர்கள்தாம்.

இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெண்களின் கைகளை ஒருமுறை பாருங்கள். அங்குள்ள கறையிலும் காய்ப்பிலும் நம் பிள்ளைகள் உண்ட ஹலாலான உணவின் கணக்கு இருக்கிறது.

உழைப்போரின் உரிமையை உரிய நேரத்தில் வழங்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.