பிள்ளையின் முதலுணவு நம் வயலில் விளைகிறது

(தாராசுரத்தில் தாய்மார் நடுவே ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கற்றளி எழுப்பிய இவ்வூர், அன்று இராசராசபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. அப்பெயரே மக்கள் நாவில் தேய்ந்து தாராசுரம் ஆயிற்று என்பர். ஊர்ப்பெயர் தேய்ந்தால் கல்வெட்டைப் படித்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால், தாய் தன் மகளுக்கு வாய்மொழியாகத் தந்துவந்த அறிவு தேய்ந்துபோனால், அதை மீட்டுத் தரும் கல்வெட்டு எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு முதலுணவு ஆக்கும் அறிவு அத்தகையது. இன்று அது நம் கண்முன்னே தேய்ந்துகொண்டிருக்கிறது.

காலை முதல் மாலை வரை தறியோடும் வயலோடும் உழலும் தாய்க்கு நேரம் அரிது. அந்நேரக் குறைவைக் கண்டுதான் வாணிகர் தகரப் பேழையை நீட்டுகின்றனர். 'கடைமாவே உயர்ந்தது, வீட்டுக்கூழ் ஏழைக்கு' என்னும் எண்ணமும் அப்பேழையோடு வீட்டுக்குள் நுழைகிறது. பேழையைத் திருப்பிப் பாருங்கள். அதில் என்னென்ன கலந்துள்ளன என்பது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது? பொதிந்து விற்கும் உணவின் விளத்தங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்பதே 2020ஆம் ஆண்டின் இந்திய உணவு முகப்புச்சீட்டு ஒழுங்குமுறை. பிற மொழிகளைச் சேர்ப்பது விற்பவர் விருப்பம். தன் பிள்ளை உண்பது இன்னதென்று தன் தாய்மொழியில் அறிய ஒரு தாய் வாணிகரின் விருப்பத்தை எதிர்பார்த்து நிற்பதா?

அறியாமல் ஊட்டியதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. ஏழை நாடுகளில் தாய்மார் பால்மாவைத் தூய்மையற்ற நீரில், அளவு குறைத்துக் கரைத்து ஊட்டினர். பிள்ளைகள் நோயுற்று மெலிந்து மாண்டனர். 1974இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'குழந்தைக் கொல்லி' என்னும் சிறுநூல் இதை வெளிப்படுத்தியது. 1981 மே திங்களில் உலக நலவாழ்வுப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படுவனவற்றின் வாணிகத்திற்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஒப்பின; அமெரிக்கா ஒன்றே எதிர்த்தது. இந்தியாவில் 1992இல் சட்டம் வந்தது. 2003இல் செய்த திருத்தம், ஈராண்டு நிறையாப் பிள்ளைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதையே தடுத்தது.

அதன் பின்னும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. நெசுலே நிறுவனம் இந்தியாவில் விற்ற செரிலாக்கு மாவில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம் சருக்கரை சேர்க்கப்பட்டிருந்தது என்றும், சுவிசு, செருமனி போன்ற நாடுகளில் விற்றதில் அது சேர்க்கப்படவில்லை என்றும் 'பப்ளிக் ஐ' என்னும் சுவிசு அமைப்பு 2024 ஏப்பிரலில் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அந்நிறுவனம் வெண்சருக்கரை சேராத வகைகளையும் இங்கே கொணர்ந்தது. வெள்ளையர் பிள்ளைக்கு ஓர் அளவு, நம் பிள்ளைக்கு ஓர் அளவு என்பது எவ்வகை அறம்?

இனி நம் வழியைக் காண்போம். பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்களில், தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் திங்களுக்கும், தாலாட்டுக் கேட்கும் தால் ஏழாம் திங்களுக்கும் உரியன என்பர். இன்றைய மருத்துவம் முதலுணவுக்குக் குறிக்கும் காலம் இவ்விரண்டுக்கும் இடையே அமைந்திருப்பது வியப்பிற்குரியது. ஆறு திங்கள் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டா. அதன்பின் உணவோடு தாய்ப்பாலும் ஈராண்டு வரையிலும் அதற்கு மேலும் தொடர்தல் வேண்டும்.

உணவு எங்கே? நம் வயலில்! சம்பா, தாளடி அறுவடைக்குப் பத்து நாள் முன்னரே, நிற்கும் நெற்பயிரின் ஊடே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளிப்பது காவிரிப் படுகை உழவர் வழக்கம். நெல் அறுத்தபின் எஞ்சிய ஈரத்திலேயே பயறு விளைகிறது. அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் என்னும் கூறு பயற்றில் மிகுதி; பயற்றில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒரே வயலில் அடுத்தடுத்து விளைபவை ஒரே கிண்ணத்தில் ஒன்றன் குறையை ஒன்று நிறைக்கின்றன.

செய்முறை எளிது. மூன்று பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு பச்சைப்பயறு கொள்க. பயற்றை ஓரிரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் முடிந்து வைத்தால் முளை கட்டும். அதனை வெயிலில் நன்கு உலர்த்துக. அரிசியைக் கழுவி உலர்த்துக. இரண்டையும் தனித்தனியே இளந்தீயில் மணம் வர வறுத்து, ஆறவிட்டு, அரைத்துச் சலிக்க. அரைவை நிலையத்தில் கொடுப்பவர், மிளகாய் அரைத்த பொறியில் முதலில் ஒரு பிடி அரிசியை ஓட்டித் தள்ளிய பின்னரே பிள்ளை மாவை இடச் சொல்லுக.

கேழ்வரகையும் முளைகட்டி மாவாக்கலாம். அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு ஊட்டம் உண்டு. முளைக்கையில் எழும் நொதி மாவுப்பொருளை உடைப்பதால், மாவு கூடினாலும் கூழ் இறுகாது. சிறு வயிற்றில் மிகுந்த உணவு சேரும். நெடிது வறுத்தால் அந்நொதி கெடும். ஆதலின் சிறிதே வறுக்க.

மாவைக் காப்பதில்தான் பலர் தவறுகின்றனர். சூடு ஆறுமுன் மூடினால் ஆவி நீராகிப் பூஞ்சை பிடிக்கும். நன்கு ஆறிய மாவை, ஈரமற்ற கண்ணாடிக் குடுவையிலோ துருப்பிடிக்கா ஏனத்திலோ இறுக மூடுக. உலர்ந்த கரண்டியால் மட்டுமே எடுக்க. இரு கிழமைக்கு வேண்டுவதை மட்டும் அரைக்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதனினும் குறைக்க. கட்டி கட்டினாலோ, சிக்கு வாடை வந்தாலோ இரக்கமின்றிக் கொட்டிவிடுக.

கூழை வேளைதோறும் புதிதாகக் காய்ச்சுக. கரண்டியில் நிற்கும் பதம் வேண்டும். காய்ச்சிய கூழ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருத்தல் ஆகாது. பிள்ளை உண்டு எஞ்சியதை எடுத்து வைக்கவும் வேண்டா. முதலில் இரண்டு மூன்று கரண்டி. பின்பு மெல்லக் கூட்டுக. ஆறு திங்களுக்குப்பின் பிள்ளை உடலின் இரும்பு இருப்புக் குறைவதால், மசித்த கீரை, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாய்ப் பழக்குக.

நம்முடையது என்பதனாலேயே எல்லாம் நல்லவையாகிவிடா. பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பது தீது. ஓராண்டு நிறையுமுன் தேன் தருவது, அதிலுள்ள நுண்ணுயிரால் உயிருக்கே கேடாகலாம். வடிகஞ்சி வயிற்றை நிறைக்கும், உடலை வளர்க்காது. இவற்றை விடுவதும் தமிழறிவே.

பிள்ளை தன் சிறு கையால் அளைந்த கூழின் இனிமையை வள்ளுவர் மக்கட்பேற்றில் போற்றினார். அக்கூழ் அன்னை கையால் ஆக்கியது, முகப்புச்சீட்டு வேண்டாதது. நெல், பயறு, கேழ்வரகு, முளை, மாவு, கூழ் என அதிலுள்ள ஒவ்வொன்றையும் தாய் தன் மொழியில் அறிவாள். அறுவடைக்குப்பின் ஒரு மரக்கால் பயற்றைப் பிள்ளைக்கென ஒதுக்குங்கள். ஆக்கும் முறையை மகளுக்கும் மருமகளுக்கும், மகனுக்குமே கற்றுக் கொடுங்கள். தேய்ந்த பெயரைக் கல் காக்கும். தேயும் அறிவைக் கைகளே காக்கும்!