தெளிந்த திரையில் கண்ட நிலவு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா நான். கலையை ஆராய்ந்து பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும், பழைய திரைப்படங்களை இன்று வீட்டிலிருந்தபடியே புதுத் தெளிவோடு காண்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நான் மறுக்கவில்லை. காலஞ்சென்ற என் தந்தையாருக்கு நான் செலுத்த வேண்டிய கடன் ஒன்று அதில் அடங்கியிருக்கிறது.

என் தந்தையார் அரக்கோணத்தில் பிறந்தவர். லாலாகுடா பணிமனையில் பிட்டர் வேலை கிடைத்து வந்து, இந்த மல்காஜ்கிரியிலேயே குடியமர்ந்தவர். 1957-ஆம் ஆண்டு வெளிவந்த 'மாயாபஜார்' படத்தை, சிறுவனாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் மணல்மேல் அமர்ந்து பார்த்தவர். அதில் ஓடம் செல்லும் காட்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "அந்த நிலா வெளிச்சம் நம்ம மேலயே விழும்டா" என்பார்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் வாடகைக்கு வீடியோ காசெட் ஒன்று எடுத்து வந்தோம். ஓடக் காட்சி வந்தது. பாட்டுக் கேட்டது, திரையில் இருட்டே தெரிந்தது. "நிலா எங்கேப்பா?" என்று கேட்டு நாங்கள் சிரித்தோம். "கொட்டகையிலே இருந்ததுடா" என்று மட்டும் சொன்னார். பின்னர் வந்த வீடியோ குறுந்தகட்டிலும் நிலவு வரவில்லை. முதியவர்கள் தங்கள் காலத்தை மிகைப்படுத்துவது இயல்பு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அன்பர்களே, அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதற்குக் கணக்கே சாட்சி. வீடியோ குறுந்தகட்டின் ஒரு படத்தில் 352-க்கு 288 வீதம் ஏறத்தாழ ஒரு லட்சம் புள்ளிகள் உண்டு. இன்றைய உயர்தெளிவுத் திரையில் 1,920-க்கு 1,080 வீதம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. இந்த நுட்பமெல்லாம் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் அன்றே பதிவாகியிருந்தவை. பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்த்தவர்கள் பின்வந்தவர்கள். நொடிக்கு 24 படங்கள் என்றால், மூன்று மணி நேரப் படத்தில் 2,59,200 படங்கள். அவை ஒவ்வொன்றையும் கணிப்பொறியில் ஏற்றித் தூசியும் கீறலும் நீக்குவதே இன்றைய புதுப்பிக்கும் பணி.

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. 'மாயாபஜார்' தெலுங்குப் பிரதிக்கு வண்ணம் ஏற்றி, 2010 ஜனவரியில் வெளியிட்டது ஹைதராபாத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டோன் நிறுவனம். சென்ற தீபாவளியன்று அதன் தெளிவான பிரதியைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டேன். தெலுங்குப் பள்ளித் தோழர்களோடு வளரும் என் பிள்ளைகளுக்கு மொழி தடையாகவில்லை. என் தாயார் மட்டும், "நாங்க பார்த்தப்ப கலர் இல்லையேடா" என்றார். ரிமோட்டை எடுத்து வண்ணத்தின் அளவைச் சுழியாகக் குறைத்தேன். கறுப்பு வெள்ளையில் ஓடம் நகர்ந்தது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி அமைத்த நிலவொளி நீரின்மேல் பரவி நின்றது. தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார். தந்தையார் பொய் சொல்லவில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளத்தான் அவர் இல்லை.

'கர்ணன்' வரலாறும் இத்தகையதே. பி. ஆர். பந்துலு இயக்கி 1964 பொங்கலுக்கு வந்த அப்படம், புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் திரையிடப்பட்டு, சென்னையில் நூறு நாட்களைக் கடந்து ஓடியது. சிவாஜி கணேசனின் கர்ணனுக்கு எதிரே கண்ணனாக நின்றவர் இந்நாட்டு மக்கள் போற்றும் என். டி. ராமராவ். 'மாயாபஜார்' இரு மொழியிலும் கண்ணன் அவரே. அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். நம் வீட்டுத் திண்ணையும் அண்டை வீட்டுத் திண்ணையும் ஒன்றாயிருந்த காலம் அது.

ஆயினும் ஒரு கவலை உண்டு. 'மாயாபஜார்' தமிழ்ப் பிரதிக்குத் தெலுங்குப் பிரதிக்குக் கிட்டிய சிறப்பு வாய்க்கவில்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படம். டி. பி. ராஜலட்சுமி அதில் தமிழ் பேச, மற்றவர்கள் தெலுங்கும் பேசினார்கள். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதாக இல்லை. மூலச்சுருளே அழிந்தபின் எந்தப் பொறி வந்து எதைத் துலக்கும்?

ஆகவே இரு வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். திங்களுக்கு ஒரு பழைய தமிழ்ப் படத்தை, கிடைக்கும் பிரதிகளில் நல்லதாகத் தேர்ந்து, சங்க அரங்கில் காட்டுவோம். படம் முடிந்ததும், அதை முதல் வெளியீட்டில் பார்த்த பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்வோம். அடுத்து, உங்கள் பரணில் கிடக்கும் திருமணக் காசெட்டுகளையும் பூஞ்சை பிடிக்குமுன் எடுத்துப் பதிவு மாற்றி வையுங்கள். படத்தைத் துலக்கப் பொறி இருக்கிறது. பார்த்தவர் சொல்லும் சொல்லைக் காக்க நம் செவி ஒன்றே இருக்கிறது. உங்கள் தந்தையார் நிலவைக் கண்டேன் என்றால், என்னைப்போல் சிரிக்காமல், உடன் அமர்ந்து கேளுங்கள்.