பனிக்காலமும் முதுகில் போட்ட ஸ்க்ரூவும்

நேயர்களே, ஜன்னலைத் திறந்து பார்த்தீர்களா? தலைக்குந்தாவில் புல்வெளி இந்நேரம் உப்பைத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வெளியே வரவே மனசு வராது. இன்று அவர்களோடுதான் பேச வந்திருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட்டாக இந்த நீலகிரி மலையில் எனக்கு இருபது பனிக்காலம் ஆகிவிட்டது.

என்னிடம் ஒரு டிரைவர் அண்ணன் வருவார். குன்னூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பில் நாலாவது எலும்பையும் ஐந்தாவது எலும்பையும் சேர்த்து நாலு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. மார்கழி பிறந்தால் போதும், வந்து நின்று ஒரே வாக்கியம்தான் சொல்வார்: “சார், உள்ள இருக்கற கம்பி பனி புடிச்சுக்குது.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காலையில் இரும்பு கேட்டைத் தொட்டாலே கை விறைக்கிறதே! ஆனால் ஸ்க்ரூ இருப்பது வாசலில் அல்ல, தசைக்கு அடியில், எலும்புக்குள். வெளியே பூஜ்யம் டிகிரி என்றாலும் உள்ளே ஏறக்குறைய 37 டிகிரிதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரண்டு டாக்டர்கள் இந்த இணைப்பு ஆபரேஷனைத் தொடங்கியபோது ஸ்க்ரூவே கிடையாது. எலும்பை எலும்போடு ஒட்டவிடுவதுதான் வைத்தியம். இன்றும் அதேதான். ஸ்க்ரூவும் கம்பியும் தளம் போடும்போது கொடுக்கிற சென்ட்ரிங் மாதிரி, எலும்பு இறுகும்வரை தாங்கிப் பிடிப்பதற்கு. அது இறுக ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். நடுவில் பீடி, சிகரெட் பிடித்தால் ஒட்டுவது இன்னும் தள்ளிப்போகும்.

அப்படியானால் வலிப்பது எது? பெரும்பாலும் தசை. குளிரில் நாம் தோளைக் குறுக்கி முதுகைக் கூனிக்கொள்கிறோம். ஆபரேஷனில் ஒருமுறை விலக்கித் தைத்த தசை அது, விறைத்தால் சீக்கிரம் இளகாது. ஏற்கெனவே நசுங்கியிருந்த நரம்புக்கும் குளிர் பகை. போதாததற்கு, பனிக்கு பயந்து நடையையும் நிறுத்திவிடுகிறோம்.

ஆனால் சிட்னியில் ஆயிரம் பேர் அளவில் முதுகுவலிக்காரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. குளிருக்கும் வலிக்கும் சம்பந்தம் தெரியவில்லை என்று முடித்தார்கள். அவர்கள் ஸ்க்ரூ போட்டுக்கொண்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தவர்கள் அல்ல, அது வேறு. இதை டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். “அவங்கள ஒரு தை மாசம் இங்க கொண்டாந்து தங்க வைங்க சார்” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிடுகிறேன். ஒத்தடம். என் அறையில் கரண்ட் மெஷின்கள் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் ஆத்தா கட்டிக் கொடுத்த உப்பு முடிச்சுக்குத்தான் என் ஓட்டு.

கல் உப்பு இரண்டு கை. இரும்பு வாணலியில் போட்டு, படபடவென்று பொரியும்வரை வறுங்கள். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதில் கொட்டி முடிச்சுப் போடுங்கள். உடனே முதுகில் வைத்துவிடாதீர்கள்! முதலில் வைப்பவர் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பத்து எண்ண வேண்டும். கையை இழுக்கத் தோன்றினால் இன்னும் ஆறட்டும். தையல் போட்ட கோட்டின் மேல் வேண்டாம், அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருபக்கமும், பிறகு புட்டத்துச் சதையிலும். தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. ஒற்றி ஒற்றி எடுப்பதால்தானே அதற்கு ஒத்தடம் என்று பெயர்? பதினைந்து நிமிஷம் போதும். உப்பு இல்லையென்றால் தவிடு. அதுவும் இல்லையென்றால் வெந்நீர்ப் பை, மேலே ஒரு டவல் சுற்றி. ஆபரேஷன் புண் நன்றாக ஆறியிருக்க வேண்டும், டாக்டரும் சரி சொல்லியிருக்க வேண்டும்.

வலி வந்தபின் வைப்பதைவிட, காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே வைப்பது நல்லது. வைத்த சூடு ஆறுவதற்குள் எழுந்து வீட்டுக்குள்ளேயே நாலு நடை. ஒத்தடம் வைத்துவிட்டு மறுபடி கம்பளிக்குள் சுருண்டால் வறுத்த உப்பு வீண்.

இங்கே ஓர் அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தேயிலை பறிக்கிறவர். ஆபரேஷனுக்குப் பின் பாதத்தில் சுண்டுவிரல் பக்கம் மரத்தே இருந்தது. ராத்திரி காலடியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். காலையில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம். “சூடே தெரியல சார், அதான் இன்னும் கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்” என்றார். தப்பு என்னுடையதும்தான். மரத்துப்போன இடத்தில் சூடு வைக்கக் கூடாது என்று நான் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களும் காலில் இதே கவனத்தோடு இருங்கள்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து வேண்டாம். அந்தப் புகைக்கு மணம் இல்லாவிட்டாலும் உயிரை எடுக்கும். நம் மலையிலும் கொடைக்கானலிலும் பார்த்திருக்கிறோம்.

யூகலிப்டஸ் தைலம் தடவலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகத் தடவுங்கள். மென்தால் கலந்த தைலம் ஜில்லென்று இருப்பது ஏன் தெரியுமா? குளிரை உணர்கிற அதே நரம்பு வாசலைத்தான் மென்தாலும் தட்டுகிறது. தொடுதலையும் வெப்பத்தையும் நரம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. தைலம் தடவிய இடத்தில் மட்டும் ஒத்தடம் வேண்டாம், தோல் பொசுங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. பிசியோதெரபிக்கு எங்கே போனாலும் “முதுகில் கம்பி இருக்கிறது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஷார்ட்வேவ் என்று ஒரு மெஷின் உண்டு. அதன் அலை உள்ளே இருக்கும் உலோகத்தையே சூடாக்கும். உப்பு முடிச்சு அப்படிச் செய்யாது.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. டிரமடால் போன்ற வலுவான மாத்திரைகள் தூக்கம் தரும், தலை சுற்றும், மலச்சிக்கல் வரும். முக்கினால் முதுகில் யாருக்கு வலிக்கும்? 2018-இல் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஆனால் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நான் பேசியதைக் கேட்டு சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் வேறு வலி மாத்திரைகளும் எலும்பு ஒட்டும் மாதங்களில் ஆகாமல் போகலாம், அதையும் அவரிடமே கேளுங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மடமடவென்று சொல்லிவிடுகிறேன்: இடுப்புக்குக் கம்பளி, ஒத்தடம், வெயில் ஏறியபின் நடை, குனிந்து குடம் தூக்காமை. சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ ஒத்தடம் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டிரைவர் அண்ணன் கம்பளிக்குள் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணே, அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள். முதலில் கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டுங்கள். பிறகு பலகை போல ஒரே பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி... ஆங், அப்படித்தான். அண்ணி உப்பை வறுத்துவிட்டார்களா?